மூச்சு முட்டுது என்றாள்

கண்ணாடிக்கடைக்காரன் தன் மனைவிக்கு வைத்திருந்த செல்லப்பெயர் வாயாடி. பெயர்ப் பொருத்தம் அப்படி. அவன் கடையில் ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருக்கும்போது போன் செய்து, அவனுக்கு 'ம்' கொட்டக்கூட இடம் கொடுக்காமல் பேசித் தீர்ப்பாள். அப்படிப்பட்டவள், பெண் குழந்தை பிறந்து சில வாரங்களில் ஒரேயடியாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

முதலில் அது அவனுக்கு உறைக்கவில்லை. ஒருநாள் காலை கண் விழித்தபோது பக்கத்தில் அவளைக் காணோம். ஜன்னலோர நாற்காலியில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள்.

"என்ன, என் பக்கத்துல படுக்கக்கூடப் பிடிக்கலையா?"

"அதில்லங்க... இங்க... எனக்கு மூச்சு முட்டுது."

அவனுக்குச் சுருக்கென்றது. ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் அக்காவை வரவழைத்திருந்தான். அக்கா தங்கமானவள்தான். ஆனால் டம்ளரை எந்தப் பக்கம் கவிழ்க்க வேண்டும் என்பதற்குக்கூட அவளிடம் சட்டம் உண்டு. இரண்டே அறை உள்ள வீட்டில் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

வாயாடியின் கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழைய மறுத்தது. வறட்டு இருமல் வேறு. "பிள்ளை பெத்த உடம்பு, நீர் கோத்துக்கத்தான் செய்யும். நான் ரெண்டு பெத்தவ, எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட நர்ஸ், ரத்தம் குறைவாக இருக்கும், நல்லா சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க என்றாள். எல்லாரும் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

"எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா அண்ணி?" என்று வாயாடி கேட்டது அவன் காதில் விழுந்தது. அக்கா சொன்ன பதில் விழவில்லை.

கடைசியில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். காலையில் அக்காவைத் தனியாக அழைத்து, மென்று முழுங்கி, "கொஞ்ச நாள் உன் வீட்டுக்குப் போயிட்டு வாயேன்க்கா" என்றான்.  அக்காவின் முகம் கறுத்துப்போயிற்று. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பெரிய தியாகம் செய்தவன் போல உள்ளே வந்தான். "அக்காவ அனுப்பிட்டேன். இனிமேலாவது நிம்மதியா மூச்சு விடு."

வாயாடி அவனை விழித்துப் பார்த்தாள். "ஏன்... அனுப்புனீங்க? அவங்கதான... என்னை... தூக்கி உக்கார வெச்சாங்க."

"நீதான மூச்சு முட்டுதுன்ன?"

"முட்டுதுதான்." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இங்க. படுத்தா... தண்ணிக்குள்ள அமுக்குற மாதிரி..."

அப்போதுதான் அவள் உதட்டைக் கவனித்தான். நிறம் மாறியிருந்தது. ஒரு வாக்கியத்தை முடிக்க அவள் நாலு இடத்தில் நிற்கிறாள் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. கோபத்தில் பேச்சைக் குறைத்தாள் என்றல்லவா இத்தனை நாளும் முறுக்கிக்கொண்டு திரிந்தான்!

குழந்தையை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கடை வேனில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள். பெண் டாக்டர் அவனை உட்காரச் சொன்னார். "இதயத்தோட தசை தளர்ந்துபோச்சு. ரத்தத்தைச் சரியா தள்ள முடியல. அதான் நுரையீரல்ல நீர் சேருது. பிரசவத்தை ஒட்டி சிலருக்கு இப்படி வரும்."

"குழந்தை இருந்தது வயித்துலதான டாக்டர்? நெஞ்சுக்கு என்ன வந்துச்சு?"

"ஏன் வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியாதுங்க."

தெரியாதா? வருஷக்கணக்காகப் படித்தவர்களுக்கே தெரியாதென்றால் அவன் எதைப் பிடித்துக்கொள்வது? தயங்கித் தயங்கிக் கேட்டான். "நான் அவகிட்ட முகம் கொடுத்துப் பேசல. அதனாலயா?"

"அதனால வராது."

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தன் தப்பு என்றால் காலில் விழுந்தாவது சரிசெய்துவிடலாம். யார் தப்பும் இல்லை என்றால் யார் காலில் விழுவது?

நீர் வடிய வடிய அவள் மூச்சு சீரானது. இன்னொரு குழந்தை வேண்டாம், அடுத்த தடவை உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் சொன்னபோது அவன் வேகமாகத் தலையாட்டினான். வாயாடி சுவரைப் பார்த்தாள். என்ன நினைக்கிறாள் என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

அக்கா தானாகவே திரும்பி வந்தாள். "எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும்னு பேசிட்டேனேடா" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

மாதங்கள் ஓடின. குழந்தை குப்புற விழுந்து, தவழ ஆரம்பித்த சமயத்தில் மறுபடி ஸ்கேன். இதயம் நன்றாகத் தேறியிருக்கிறது, முழுசாக இல்லை, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர்.

"முழுசா சரியாயிடுமா?"

"ஆகலாம். இப்பவே சொல்ல முடியாது."

வெளியே வந்தார்கள். அக்கா குழந்தைக்குக் குல்லா மாட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "வெயில்ல குல்லா எதுக்கு அண்ணி, பிள்ளைக்கு வேர்க்குது பாருங்க, சொன்னா கேக்க மாட்டீங்களே" என்று வாயாடி ஒரே மூச்சில் சண்டைக்கு நின்றாள். அக்காவும் விடவில்லை. சந்தோஷப்படுவதா, இன்னும் பயப்படுவதா என்று தெரியாமல், இரண்டுமாக, அவன் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.