டேங்கில் சந்தனம்

என் வீட்டுக்காரர் செந்தில்வேலுக்குப் புது பைக்கின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தாலும் பொறுக்காது. அந்த வண்டியைத்தான் அவரிடம் சொல்லாமல் குற்றாலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சீசன் கூட்டத்தில் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த ஒரு வேன் இடித்து, வண்டியோடு சரிந்தேன். பெட்ரோல் டேங்கில் நீளமாக ஒரு கீறல். அந்த டிரைவரை வாய் வலிக்கத் திட்டியும் ஆத்திரம் அடங்கவில்லை.

தென்காசியில் வீட்டுக்கு வந்ததும் கீறல் தெரியாதபடி சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தேன்.

சாயங்காலம் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னட்டி, இன்னைக்கு ஆயுத பூஜையா?"

துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கிருத்திகைல்லா!" என்றேன்.

அந்த நேரம் பார்த்துச் சாரல் விழுந்தது. எங்கள் ஊர்ச் சாரலுக்கு இங்கிதமே கிடையாது. சந்தனம் வழிந்து, கீறல் பல்லிளித்தது. அவர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாரானேன்.

அவர் உள்ளே போய்க் கிண்ணத்தில் மீதியிருந்த சந்தனத்தை எடுத்துவந்தார். என் துப்பட்டாவை விலக்கினார். முழங்கை கன்றிச் சிவந்திருந்தது.

"வண்டிக்குப் பூசிட்டே. இதுக்கு யாருட்டி பூசுவா?"