குஞ்சுகளுக்கு ஒரு பவுண்டேஷன் வகுப்பு

என் வீட்டுக்காரர் டியூஷன் மாஸ்டர். எங்கள் முன்னறையில் முட்டை என்பது கெட்ட வார்த்தை. பரீட்சையில் முட்டை வாங்கிய பிள்ளை அங்கே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதே மனிதருக்கு முட்டை மேல் அப்படி ஓர் ஆசை பொங்கி வந்தது, நான் கோழிக்குஞ்சுகள் வாங்கி வந்த அன்று.

அட்டைப்பெட்டி, சூட்டுக்கு ஒரு பல்பு, குஞ்சு விழுந்து மூழ்காதபடி கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டு, எல்லாம் நானே தயார் செய்தேன். தீவனம் வாங்க மட்டும் அவரை அனுப்பினேன். அங்கேதான் சனி பிடித்தது. குஞ்சுத் தீவனம் கேட்டால், முட்டைக்கோழித் தீவனத்தோடு வந்து நின்றார்.

"ஏங்க, இது முட்டை போடுற கோழி திங்கிறதுங்க."

"இதுங்க மட்டும் கடைசி வரைக்கும் குஞ்சாவே இருக்கப்போகுதா? பின்னால திங்க வேண்டியத இப்பவே தின்னா, ஊர்க்கோழிங்களுக்கு முன்னாடி முட்டை போடும். பவுண்டேஷன்!"

பவுண்டேஷன் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரில் ஒரு வகுப்பே நடத்துகிறார். மூக்கைத் துடைக்கத் தெரியாததுகள் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கும். பெற்றோர் வாசலில் நின்று பூரித்துப்போவார்கள்.

நான் வாதாடி நேரத்தை வீணாக்கவில்லை. குஞ்சுத் தீவனம் நானே வாங்கிவந்து போட்டேன். ஆனால் நான் தையல்கடை வேலைக்குக் கிளம்பியதும், மனிதர் அதைக் கொட்டிவிட்டுத் தன் பாடத்திட்டத்தை வைத்திருக்கிறார்.

குஞ்சுகள் கத்துவதை நிறுத்தின. ஓயாமல் தண்ணீர் குடித்தன. எச்சம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. கறுப்புக் குஞ்சு கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது.

"படிக்கிற பிள்ளைங்க அமைதியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் ஒன்று செத்துக் கிடந்தது. தீவனத் தட்டைப் பார்த்தேன், விஷயம் புரிந்தது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் அவர் என்று இழுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன்.

என்ன தீவனம் என்று டாக்டர் கேட்டார். இவர் பெருமையாகவே சொன்னார். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அதுல சுண்ணாம்புச் சத்து கொட்டிக் கிடக்கு சார். முட்டை போடுற கோழிக்கு ஓடு கட்ட அது வேணும். இதுங்க எந்த முட்டைக்கு ஓடு கட்டப்போகுது? கிட்னிதான் கெட்டுப்போகும்."

"சீக்கிரம் முன்னுக்கு வரட்டுமேன்னு..."

"குஞ்சுக்கு என்ன சார் அவசரம்? வளர்றதுதான் இப்ப அதோட வேலை. அதுக்கு வேண்டியத மட்டும் குடுங்க. முட்டை போடுற வயசு வரட்டும், அப்ப மாத்திக்கலாம்."

அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

"மிச்சமெல்லாம் பிழைச்சுடுமா டாக்டர்?"

"இன்னிக்கே தீவனத்த மாத்துங்கம்மா. பெரும்பாலும் தேறிடும். இந்தக் கறுப்ப மட்டும் சொல்றதுக்கில்ல."

குஞ்சுத் தீவனம் ஒரு மூட்டை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது, குரலைத் தணித்துக்கொண்டு இவர் பக்கம் சாய்ந்தார்.

"மாஸ்டர், உங்க பவுண்டேஷன் வகுப்புல ஒரு இடம் கிடைக்குமா? என் பொண்ணுக்கு மூணு வயசு முடியப்போகுது. இப்பவே லேட்டாயிடுச்சோன்னு தூக்கமே வரல."

அதுவரை குனிந்திருந்த என் வீட்டுக்காரர் தலை நிமிர்ந்தது.

"கவலையே படாதீங்க டாக்டர். நாளைக்கே அனுப்பி வைங்க."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பெட்டியை மேஜை மேல் திரும்ப வைத்தேன். சீட்டை டாக்டரிடமே நீட்டினேன்.

"டாக்டர், குஞ்சுத் தீவனம் எங்களுக்கு ஒரு மூட்டை எழுதியிருக்கீங்க. ரெண்டுன்னு திருத்திடுங்க. ஒண்ணு உங்க வீட்டுக்கு."

பெட்டிக்குள் கறுப்புக் குஞ்சு எழுந்திருக்கப் பார்த்தது, முடியாமல் மறுபடி உட்கார்ந்துகொண்டது.