மூன்று தட்டு

1
இந்தக் கதை ஒரு புளுகில் பிறந்தது. ராயபுரம் டீக்கடையில், "ரேஸ்கார ஜெரி நானூறு கிலோமீட்டர் வேகத்துல போனத என் கண்ணால பாத்தேன்" என்று அளந்துவிட்டேன். துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எதையும் தூக்கித்தான் பேச வரும். கடைக்காரர், "அப்பாலிக்கா இன்னா ஆச்சு?" என்றார். அந்தக் கேள்விதான் என்னை எழுத உட்காரவைத்தது.

முதல் வரி: ஜெரி கியரை மாற்றினால் எண்ணூர்ப் புகைபோக்கிகள் அத்தனையும் குனிந்து...

[வேண்டாம். அவன் போனது நூற்றெண்பது. அதுவே போதும்.]

2
ஜெரிக்கு ஒரு மெக்கானிக், சௌக்கத் அலி. பந்தயத் தடத்து இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் இருவருக்கும் தனி பாஷை. சுற்று முடிந்து வந்ததும், எதில் கோளாறு என்று சொல்ல ஜெரி கார்க் கூரையைத் தட்டுவான். ஒரு தட்டு, இன்ஜின். இரண்டு, கியர். மூன்று, பிரேக். மூன்று தட்டிவிட்டால் முதலாளியே காலில் விழுந்தாலும் சௌக்கத் அலி வண்டியை நகரவிட மாட்டார். பதினோரு வருஷத்தில் அந்தக் கை ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. (இதை நான் ஊதவில்லை.)

3
இப்போது ஜெரி டிவியில் புதுக் கார்களை ஓட்டிக் காட்டிப் பேசுகிறான். [பந்தயத்தை ஏன் விட்டான் என்று அரைப் பக்கம் எழுதிக் கிழித்தேன். ஸ்பான்சர் போனான், வயசு வந்தது. வேறென்ன.] போன மாதம் எர்ணாவூர்ப் பக்கம் படப்பிடிப்பு. முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. ஜெரி பிரேக்கை மிதித்தான். மிதி தரை வரை போனது. கடைசியில் நின்றபோது, லாரிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி... சரி, ஒரு முழம் இடம்.

இறங்கினான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"பிரேக் சரியில்ல."

தயாரிப்பாளர் சிவந்தி சிரித்தாள். "நமக்கு விளம்பரமே இந்தக் கார் கம்பெனிக்காரங்கதான் சார் தர்றாங்க. சட்டைய மாத்திட்டு வாங்க."

மாற்றிக்கொண்டு வந்தான். கேமராவைப் பார்த்துச் சொன்னான்: "பிரேக்கா? கண்ண மூடிட்டு நம்பலாம்!"

சொல்லும்போதே அவன் கை கூரையை மூன்று முறை தட்டியது. சிவந்திக்கு அது ஸ்டைலாகப் பட்டது. வெட்டாமல் விட்டாள்.

4
ஞாயிற்றுக்கிழமை. நிகழ்ச்சி முடிந்த கையோடு ஜெரிக்கு சௌக்கத் அலியிடமிருந்து போன்.

"இன்னா நைனா, வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது? என் பொண்ணு நவ்ரீன் அந்த வண்டியத்தான் புக் பண்ணிகீறா. நான் எத நம்பறது?"

முடிவு அ: "கைய நம்பு பாய்" என்கிறான் ஜெரி. மறுநாள் வேலை போகிறது.

[நாலு தடவை எழுதிப் பார்த்தேன். முப்பது டன் பெட்டியைத் தூக்கியவன் நான். இந்த மூன்று சொல்லை அவன் வாயிலிருந்து தூக்க முடியவில்லை.]

முடிவு ஆ: "கை சும்மா பட்டுச்சு பாய்."

"அவ்ளோதானா? பேஜாராயிட்டேன் போ. நீ சொன்னா சரி, நைனா."

வைத்துவிட்டார்.

5
நாளைக் காலை பத்து மணிக்கு நவ்ரீன் சாவி வாங்குகிறாள். டீக்கடைக்காரர் மறுபடி, "அப்பாலிக்கா?" என்கிறார். நானும் ஆயுசு முழுக்கப் புளுகியவன்தான். ஆனால் என் புளுகை நம்பி யாரும் காரில் ஏறியதில்லை. எனக்கு வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. எழுதுகிற மேசையைத் தட்டுகிறேன்.

ஒன்று.

இரண்டு.

இதோடு விட்டால் அது வெறும் கியர். மூன்றாவது உங்கள் கையில்.