வாளி முறை

மூடியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தும் வாளி நாறியது. உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, படகிலிருந்து பலகை வழியாகக் கரைக்கு இறங்கினாள் அவள். படகுத்துறையில் குடியிருப்பவர்கள் எல்லோரும் தேநீர்க் கோப்பையும் கையுமாக வெளியே உட்கார்ந்திருக்கும் நேரம் அது. பொதுக் கழிப்பறை துறையின் அந்தக் கோடியில் இருந்தது. அத்தனை பேர் முகத்தையும் கடந்துதான் இந்த ஊர்வலம் போயாக வேண்டும்.

"என்னக்கா, இன்னிக்கு உங்க முறையா?" என்றார் பக்கத்துப் படகுத் தையல்காரர். வாசலிலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு தைக்கிறவர். துறையில் யார் வீட்டுச் சங்கதியும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"ஆமா. வேணும்னா நீங்க கொஞ்ச தூரம் தூக்குங்களேன்."

"வேணாம்க்கா. வாசனை இங்கேயே வருது."

கழிப்பறையில் வாளியை இறக்கி வைத்துவிட்டு முடிச்சோடு மல்லுக்கு நின்றாள். அது அவள் வீட்டுக்காரர் போடுகிற முடிச்சு. கயிற்றை மூன்று சுற்று சுற்றி, வால் நுனியை உள்ளே சொருகி ஒளித்துவிடுவார். குப்பைப் பையானாலும் சரி, துணி மூட்டையானாலும் சரி, இதே முடிச்சுதான். பிரிக்கிறவள் பெரும்பாலும் அவள் என்பதால் அவருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. நகத்தால் நோண்டி நோண்டிப் பிரிப்பதற்குள் மூக்குக்கு நேராக எல்லாம் ஆவியாக ஏறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் எதற்கும் மூக்கைப் பொத்துகிற சுகவாசி இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் ஊராருடைய சிறுநீரையும் மலத்தையும் சளியையும் புட்டி புட்டியாகப் பார்த்தவள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அங்கே புட்டிக்கு ஒரு மூடி, மூடிமேல் ஒரு சீட்டு, வேலை முடிந்தால் முழங்கை வரை சோப்பு. அழுக்கு அதற்கென்று உள்ள இடத்தில் இருந்தால் அவளுக்கு அதோடு ஒரு சண்டையும் கிடையாது. படகில்தான் எதற்கும் இடம் என்பதே இல்லை. பல் துலக்கும் குவளைக்குள் நத்தை ஊர்ந்தது. தலையணைக்குப் பின்னால் சுவரெல்லாம் கருப்புப் பூஞ்சை. கூரைமேல் வாத்துகள் இரவெல்லாம் குடித்தனம் நடத்தி, காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழியவிட்டுப் போயின. இதையெல்லாம் வீட்டுக்காரர் 'இயற்கையோட இருக்கோம்' என்பார்.

அவர் ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார். துறையிலும் அவருக்கு வாத்தியார் என்றுதான் பெயர். கழுத்தில் எந்நேரமும் ஒரு தொலைநோக்கி தொங்கும். அவர் ஆசைப்பட்டுத்தான் கரையில் இருந்த வீட்டைப் பூட்டிச் சாவியை அவள் தங்கையிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்தார்கள். "ஒரே ஒரு வருஷம் இருந்து பாரு. பிடிக்கலைன்னா படகை வித்துட்டு வீட்டுக்குப் போயிடலாம். உன் தலைமேல சத்தியம்" என்று சொல்லியிருந்தார். வருஷம் முடியப்போகிறது. அவளே விளம்பரம் கொடுத்தாள். ஒரு பல் டாக்டர் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் வாங்கிக்கொண்டால் அவள் வீட்டுக்குப் போகலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்குத்தான் குறுக்கே வந்து உட்கார்ந்தது அந்தப் பறவை.

நாமக்கோழி என்று பெயராம். கரிய உடம்பு, நெற்றியில் வெள்ளையாக ஒரு தீற்றல், ரத்தச் சிவப்பில் கண். படகின் பின்புறம், சுக்கான் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கூடு கட்டியிருந்தது. கூடு என்று சொல்லவே வாய் கூசியது. அழுகிய நாணல், பிஸ்கட் உறை, யாரோ மூக்குச் சிந்திப் போட்ட காகிதம், பாதி உறிஞ்சுகுழல், ஒரு குழந்தையின் டயபர் பஞ்சு என்று ஆற்றில் வந்த அத்தனை கண்ணராவியும் அதில் இருந்தது. அதன்மேல் முட்டையிட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

என்ஜினைப் போட்டால் கூடு சிதறிவிடும். படகை நகர்த்தாவிட்டால் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய முடியாது. உறிஞ்சி எடுக்கிற இயந்திரம் ஆற்றின் வளைவுக்கு அப்பால் இருக்கிறது. தொட்டியோ அவர்கள் படுக்கைக்கு நேர் கீழே. அது நிரம்பிவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததிலிருந்துதான் வாளி. ஆளுக்கு ஒருநாள் முறை.

"ஞாயித்துக்கிழமை அவங்க வராங்க," என்றாள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு. "அதுக்குள்ள தொட்டியக் காலி பண்ணணும்ங்க. இந்த நாத்தத்துல யாரு உள்ள வருவா?"

தொலைநோக்கியை அவர் இறக்கவில்லை. "முட்டை இருக்கிற கூட்டைக் கலைக்கக் கூடாதும்மா. சட்டப்படி குத்தம். பாவமும்கூட. பாரு, எவ்வளவு பொறுமையா உக்காந்திருக்கு. தாய்மைன்னா இதுதான்."

"அது உக்காந்திருக்கிறது குப்பை மேல. நான் படுத்திருக்கிறது எது மேலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தொலைநோக்கியின் திருகைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய்க் காய்கறி கழுவ உட்கார்ந்தாள். காய்கறிக் கூடை புதுசு. பழைய நீலக் கூடை குளிர்காலம் முடிந்த சமயம் காணாமல் போயிருந்தது. படகென்ன அரண்மனையா, நாலு அலமாரியையும் தலைகீழாகப் புரட்டித் தேடினாள். "நீதான் எங்கேயாவது வெச்சிட்டு மறந்திருப்ப. வயசாகுது இல்ல" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அவரே கடைக்குப் போய்ப் புதுக்கூடை வாங்கிவந்தார். சமையலறைக்கென்று ஒரு தீப்பெட்டி வாங்கியிராத மனுஷர். அன்றைக்கு அவளுக்கு அது கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. மறதி வந்துவிட்டதோ என்ற பயம் மட்டும் உள்ளுக்குள் தங்கிவிட்டது.

ஞாயிறன்று காலையிலேயே ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தரையைத் துடைத்தாள். கழிவு நாற்றத்தோடு எலுமிச்சை சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். முன்னதைவிட இது மோசம்.

பல் டாக்டர் படியிறங்கி உள்ளே வந்தவுடனேயே அவர் மூக்கு ஒரு சுற்று விடைத்தது. மரியாதை தெரிந்தவர். கைக்குட்டையை எடுத்து, ஜலதோஷக்காரர் போல மூக்கருகே வைத்துக்கொண்டார். அவர் மனைவி காற்றுக்காகப் பின் ஜன்னல் பக்கம் போனாள்.

"அய்யோ, குஞ்சு பொரிச்சிருக்கு," என்றாள்.

பொரித்து இரண்டு மூன்று நாளாகியிருந்தது. வழுக்கைத் தலையும் சிவந்த மூஞ்சியுமாக, வெந்நீர் கொட்டினாற்போல ஐந்தாறு குஞ்சுகள். ஒன்று வாயைப் பிளந்துகொண்டு தாயிடம் நீந்தி வந்தது. தாய் அதன் தலையைக் கவ்வி ஓர் உதறு உதறி, தண்ணீருக்குள் அமுக்கியது. வெளியே எடுத்தது, மறுபடி அமுக்கியது. விட்டபோது குஞ்சு அசையவில்லை. கூட்டை ஒட்டி ஏற்கனவே ஒன்று வயிறு ஊதி மிதந்துகொண்டிருந்தது.

"அது நிறையப் பொரிச்சிடும்," என்றார் வாத்தியார், வகுப்பெடுக்கும் குரலில். "அத்தனைக்கும் ஊட்ட முடியாது. பசின்னு வரதை இப்படித்தான் கழிச்சுவிடும். இயற்கை."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு படியேறி ஓடினாள். கரையில் குனிந்து வாந்தியெடுக்கும் சத்தம் உள்ளே கேட்டது. "வேற படகு ரெண்டு பாக்க வேண்டியிருக்கு" என்று டாக்டர் கைக்குட்டைக்குள்ளிருந்து சொல்லிவிட்டு மனைவியின் பின்னாலேயே போனார். தாய்மையைப் பற்றி வாத்தியார் அன்று வேறொன்றும் சொல்லவில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. ஆனால் சாயங்காலம் அவரைப் பார்த்தபோது என்னவோ போலிருந்தது. விருந்தாளிகள் தொடாமல் விட்ட கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, படகின் முனையில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு போய்விட்டால் மனுஷர் வீட்டுக்குள் என்ன செய்வார், சுவரையா தொலைநோக்கியில் பார்ப்பார் என்று நினைத்தாள்.

அவளுக்கும் ஒன்று இருந்தது, அதை அவரிடம் சொன்னதில்லை. காலையில் பல் துலக்கும்போது முன்கயிற்றில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். சின்னது, அப்படியொரு நீலம். அவள் வாயில் நுரையோடு அசையாமல் நிற்பாள். சொன்னால் அவர் உடனே தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து பாடம் நடத்துவார் என்பதால் அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். சரி, இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகட்டும், கழிப்பறையை மட்டும் மாற்றிவிடச் சொல்லலாம் என்று அன்று தீர்மானித்தாள். தொட்டி காலியான பிறகு அவரிடம் சொல்லிக்கொள்ளலாம். இந்த நாற்றத்தின் நடுவில் நல்ல வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அடுத்த சில நாட்களில் நாமக்கோழி மிஞ்சிய இரண்டு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கரை நாணலுக்குக் குடிபோனது. வாத்தியார் சின்னத் தோணியை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். அவர் திரும்புவதற்குள் சுக்கானைச் சுத்தம் செய்துவைத்தால் அன்றைக்கே என்ஜினைப் போட்டுவிடலாம். முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, பின்தளத்தில் குப்புறப் படுத்து, கூட்டைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

பிய்க்கப் பிய்க்க அது வேறு வேறு மாதிரி நாறியது. பொரிக்காத முட்டையொன்று உடைந்து பச்சையாக மணிக்கட்டில் வழிந்தது. அதன் கீழே புழு நெளிகிற மீன்முள். பல்லைக் கடித்துக்கொண்டு அள்ளி அள்ளி எறிந்தாள். நாணலெல்லாம் போன பிறகு அடியில் கெட்டியாக ஏதோ கையில் தட்டுப்பட்டது. இழுத்தாள், வரவில்லை. சகதியை வழித்து விட்டாள்.

நீலமாகத் தெரிந்தது. அவளுடைய காய்கறிக் கூடை.

பறவை இழுத்துவந்து போட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் கயிறு கண்ணில் பட்டது. கூடையின் இரண்டு காதும் சுக்கானோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. மூன்று சுற்று, வால் நுனி உள்ளே.

அவள் அப்படியே படுத்துக் கிடந்தாள். அலமாரிகளைப் புரட்டிப் போட்டுத் தேடியதும், வயசாகுது என்று அவர் சொன்னதும், புதுக்கூடையை நீட்டியபோது தான் சிரித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கூடு கட்ட வசதியாக அடித்தளம் போட்டுக்கொடுத்துவிட்டு, கட்டியதும் கலைக்கக்கூடாது, பாவம் என்று சொல்லியிருக்கிறார். அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் வாளி தூக்கியிருக்கிறாள்.

தோணியைக் கட்டிவிட்டு அவர் உள்ளே வந்தபோது, சாப்பாட்டு மேசையில் அவருடைய தட்டின் மேல் கூடை இருந்தது. சகதி சொட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும்."

"ஆத்துல மிதந்து வந்திருக்கும். அதுங்க எதை வேணாலும் பொறுக்கும்."

"முடிச்சும் அதுங்கதான் போட்டுச்சா?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தொலைநோக்கியைக் கழற்றிக் கீழே வைத்தார். "கொஞ்ச நாள் தள்ளிப்போட்டா உனக்கும் பிடிச்சுப்போகும்னு நெனச்சேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னுதானே சொல்லியிருப்ப."

"இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம்னு அந்த ஞாயித்துக்கிழமையே முடிவு பண்ணிட்டேன். நாத்தம் போகட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "அப்ப இருப்பேதானே?"

அந்த மலர்ச்சியைப் பார்த்துத்தான் அவளுக்கு அருவருப்பு வந்தது. முட்டையின் பச்சை, புழு, படுக்கைக்கு அடியில் நிரம்பிக் கிடந்தது எல்லாம் கழுவினால் போகிற சமாசாரம். எழுந்து போய், முழங்கை வரை சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். தங்கைக்குப் போன் செய்து வீட்டுச் சாவியை எடுத்து வைக்கச் சொன்னாள். மாற்றுத் துணிகளை ஒரு பையில் அடைத்து, சாதாரணமாக ஒரு முடிச்சுப் போட்டாள்.

அவர் படியருகே வழி விட்டு நின்றார். வாளியைப் பார்த்தார். அது காலையிலிருந்து கட்டியபடியே மூலையில் இருந்தது.

"இன்னிக்கு உன் முறை," என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை, வாயில் வந்தது அதுதான்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் பலகையில் இறங்கினாள்.

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். "என்னக்கா, வாளியக் காணோம்?"

"உள்ளதான் இருக்கு," என்றாள் அவள் நடந்துகொண்டே. "இனிமே அவரையே கேளுங்க, தினம் அவர் முறைதான்."