திரும்பி வர எண்ணும் இடம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அது கவுன்ட்டருக்கு வந்தது. நகர எழுத்தர் அலுவலகத்தில் நான் உதவியாளர். குளிர்காலத்தில் வேட்பு மனுக்களை வாங்கிச் சரிபார்ப்பது என் வேலை. வேலை முடிந்ததும் கதை எழுதும் மாலை வகுப்புக்குப் போகிறேன். ஒரு கதாபாத்திரத்துக்கு ஏதாவது வேண்டும், அது கிடைக்காமலும் போகலாம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும் என்றார் ஆசிரியை. குறித்துக்கொண்டேன். மறுநாளே இரண்டு பேர் என் முன்னால் வந்து நின்றார்கள். இருவருக்கும் ஏதோ வேண்டியிருந்தது. ஒருவருடைய தேவைக்கு மட்டும்தான் எங்களிடம் படிவம் இருந்தது.

(பெயர்களை மாற்றிவிட்டேன். ஆற்றை மட்டும் மாற்றவில்லை. அந்த ஆறுதான் வார்டின் எல்லை. அது இல்லாவிட்டால் கதை இல்லை.)

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஜனவரி மாலையில் லோர்னா வான்டெஹை" — அமெரிக்காவின் இந்த வடக்கு மூலையில் ஜனவரியில் பனி கொட்டாவிட்டால்தான் அது செய்தி. நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "நகர மன்றத்துக்குப் போட்டியிடுபவர் பதினெட்டு வயது நிறைந்தவராகவும் அந்த வார்டில் வசிப்பவராகவும் இருத்தல் வேண்டும்; வார்டு வாக்காளர்களின் முன்மொழிவுக் கையெழுத்துகளையும் சத்தியப் பிரமாணப் பத்திரத்தையும் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள்..."

இது எங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் தாள். கதை அல்ல. ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை. நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் நடந்தது. ஐந்து என்றால் ஐந்துதான். எங்கள் அலுவலகத் தலைவியான நகர எழுத்தர் பெவ், தாமதமாக வந்த சொந்த மைத்துனரின் மனுவையே திருப்பிக் கொடுத்தவர். மைத்துனர் அதன்பின் பெவ் வீட்டு நன்றித் திருநாள் விருந்துக்கு வருவதில்லை. பெவ்வுக்கு வான்கோழி மிச்சமாகிறது.

3

லோர்னாவுக்கு என்ன வேண்டும் என்பது எளிது. இரண்டாம் வார்டின் பனிச்சறுக்குத் திடலை ஒட்டி ஒரு சிறிய மர அறை இருக்கிறது. பிள்ளைகள் காலணி மாற்றவும் விரல்களைச் சூடாக்கவும் அங்கேதான் போவார்கள். வார்டின் இப்போதைய உறுப்பினர் அதை இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் போடலாம் என்கிறார். அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. லோர்னா நிற்க விரும்பினார்.

அவருடைய கணவர் டுவேனுக்கு என்ன வேண்டும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

சென்ற வேனிலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வார்டுக்கு வெளியே இருக்கும் லோர்னாவின் அக்காவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. உதவிக்காக லோர்னா போனார். முழங்கால் குணமாயிற்று. அக்கா மறுபடி பந்து உருட்டும் பௌலிங் ஆடப் போகிறார். லோர்னா திரும்பி வரவில்லை. சண்டை ஏதும் நடந்ததா? ஒரு வரைவில் சண்டை ஒன்று வைத்தேன். தட்டு உடைந்தது, கதவு அறைந்தது. படித்துப் பார்த்தால் இரண்டு பேருமே இவர்களாக இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்களைப்போல இருந்தார்கள். எடுத்துவிட்டேன். யாரும் எதையும் முடிவு செய்யவில்லை என்பதே எனக்குத் தெரிந்தது.

டுவேன் வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ்களைப் பழுதுபார்ப்பவர். அக்கா வீட்டு ஃபர்னஸ் நின்றுபோனபோது அவர்தான் போய்ச் சரிசெய்தார். அதாவது, மனைவி அங்கேயே வசதியாக இருக்க ஏற்பாடு செய்தார். (இதை நான் கற்பனை செய்திருந்தால் ஆசிரியை நம்பமாட்டார்.)

லோர்னாவுக்கான கையெழுத்துகளைத் திரட்டியதும் அவரே. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூட்டம் சேரும் மதுக்கூடங்களில் மேசை மேசையாகப் போய் வாங்கினார். ஒவ்வொரு தாளின் மேலேயும் வேட்பாளரின் முகவரியை அவரே எழுதியிருந்தார். இரண்டாம் வார்டில் தாங்கள் சேர்ந்து வாழ்ந்த வீட்டு முகவரி.

4

கடைசி நாள். இருவரும் வெவ்வேறு வண்டிகளில், வெவ்வேறு பக்கங்களிலிருந்து வந்தார்கள்.

"கையெழுத்தெல்லாம் சரியா இருக்கு" என்றேன். "பிரமாணப் பத்திரம் மட்டும் பாக்கி. என் முன்னாடி கையெழுத்துப் போடணும்."

லோர்னா பேனாவை எடுத்தார். முகவரிக் கட்டத்தில் நிறுத்தினார்.

"ஏம்மா டெஸ், வசிக்கிற இடம்னா என்ன?"

"அறிவுரை சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லீங்க. விதியைப் படிச்சுக் காட்டலாம்."

"படி."

படித்தேன். ஒருவர் நிலையாகத் தங்கும் இடம். வெளியே போயிருந்தாலும் அவர் திரும்பி வர எண்ணும் இடம். அதுவே அவர் வசிக்கும் இடம்.

"பாத்தியா" என்றார் டுவேன். "நம்ம வீடுதான். எழுது."

"இன்னொரு தடவை படிம்மா."

மறுபடி படித்தேன். உள்ளறையில் பெவ் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்.

"எண்ணும் இடம்னு போட்டிருக்கா?"

"அப்படித்தாங்க போட்டிருக்கு."

லோர்னா கணவர் பக்கம் திரும்பினார். "முழங்கால் ஆறினதுலேருந்து எத்தனை தடவை ஆத்தைத் தாண்டி வந்திருக்கே நீ?"

"ஃபர்னஸ் பாக்க வந்தேன். ஃபில்டர் மாத்த வந்தேன்."

"வந்து என்ன கேட்டே?"

"சூடு வருதான்னு கேட்டேன்."

"வருதுன்னேன். போயிட்டே."

"பின்னே? வந்துச்சில்ல?"

பெவ் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அட டுவேன், உனக்கு வாய் இருக்கா, இல்ல அங்கயும் ஃபில்டர் மாட்டி வெச்சிருக்கியா?"

"நீ சும்மா இரு பெவ். நான் ஊர்பூரா அலைஞ்சு கையெழுத்து வாங்கலையா? ஆறிப்போன மீனைத் தின்னுக்கிட்டு?"

"வாங்கினே" என்றார் லோர்னா. குரல் தணிந்திருந்தது. "ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டே, டுவேன். நான் திரும்பி வருவேனான்னு என்கிட்ட முதல்ல கேக்குறது இந்தக் காகிதம்தான்."

டுவேன் தொப்பியைக் கழற்றினார். காதுமடல் சிவந்திருந்தது, அது குளிரினாலும் இருக்கலாம்.

"பொய்ச் சத்தியம் நான் பண்ணமாட்டேன்" என்றார் லோர்னா. "அந்த அறைக்காகக்கூட மாட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தார். ஐந்தாகச் சற்று நேரமே இருந்தது.

"நீ கேளு. கேட்டா யோசிச்சுப் பாக்குறேன்."

5

இந்த இடத்தில் என் கதை நிற்கிறது.

முடிவு அ: டுவேன் கேட்கிறார், லோர்னா கையெழுத்திடுகிறார், பிள்ளைகளின் விரல்கள் சூடாகின்றன. வகுப்பில் படித்தேன். பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அன்றே கிழித்தேன்.

முடிவு ஆ: டுவேன் பேசாமல் நிற்கிறார், ஐந்து அடிக்கிறது, பெவ் கதவைப் பூட்டுகிறார். இது கண்டிப்பான முடிவு, அதனால் நல்ல முடிவு என்று இரண்டு நாள் நம்பினேன். பிறகு, பேசத் தெரியாதவரைத் தண்டிப்பது எழுதுகிறவளுக்கு மிகச் சுலபம் என்று பட்டது.

முடிவு இ: லோர்னா தானாகவே — இல்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மனு ஏற்கப்பட்டதா என்பது பொதுப் பதிவு. எந்த ஊர் என்று கண்டுபிடித்தால் யாரும் வந்து பார்க்கலாம். அது எனக்கும் தெரியும். ஆனால் அது லோர்னாவின் பதில். நான் எழுத முடியாமல் உட்கார்ந்திருப்பது டுவேனின் கேள்வியை. அன்று அவர் சொன்னதை நான் கேட்டேன். அது கவுன்ட்டரின் அந்தப் பக்கத்துக்குச் சொந்தமானது, இங்கே போடமாட்டேன். அதற்குப் பதிலாக நானே ஒன்று எழுதிப் பார்த்தேன், பல நாள் எழுதினேன். ஒவ்வொன்றும் மாலை வகுப்பு மாணவி எழுதியதாகவே இருக்கிறது. எதிலும் ஒரு ஃபர்னஸ்காரர் இல்லை.

ஆகவே அதை உங்களிடம் விடுகிறேன். தகுதிகள்: உங்களுக்கு யாராவது இருக்க வேண்டும், அவரிடம் கேட்காமல் விட்டது ஏதாவது இருக்க வேண்டும். முன்மொழிவுக் கையெழுத்து தேவையில்லை. நீளமாக வேண்டாம். மனிதர் குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார், அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் வாயைத் திறந்துவிட்டார். சொல்லுங்கள்.