கணக்கில் வராத மாத்திரை

அன்று காலையில் நான்காவது வெள்ளைச் சட்டையிலும் ரத்தம் பட்டுவிட்டது. தையல்காரர் பொத்தான் ஊசியைக் கீழே வைத்தார். வெள்ளை நூலில் கொஞ்சம் அறுத்து வாயில் மென்று, கறையின்மேல் ஒற்றினார். யார் ரத்தமோ அவர் எச்சிலுக்குத்தான் போகும் என்பது தொழில் நம்பிக்கை. கறை போய்விட்டது. விரலில்தான் ரத்தம் நிற்கவில்லை.

"இந்த ஊசி டப்பாவே சரியில்ல."

"ஆமா, முப்பது வருஷமா குத்தாத ஊசி இன்னைக்குத்தான் குத்துது." பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்து அவருடைய கால்சட்டையை முழங்கால்வரை ஏற்றினாள். ஒரு வாரமாக அவர் வேர்க்குரு என்று சொல்லிக்கொண்டிருந்த சிவப்புப் புள்ளிகள், செங்கல் தூள் தூவியதுபோல் முழங்கால்வரை ஏறியிருந்தன.

"இதுவா வேர்க்குரு? எந்திரிங்க."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மதியம் டாக்டரம்மா காகிதத்தோடு வந்தார்.

"ரத்தத்த உறைய வைக்கிற தட்டணு ஒண்ணரை லட்சமாவது இருக்கணும். உங்களுக்குப் பன்னெண்டாயிரம்தான் இருக்கு. புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"காலைல ஒண்ணு முழுங்கறீங்களே!" என்றாள் மனைவி.

"அதெல்லாம் ஒரு மாத்திரையா? ஒண்ணுக்குப் போறதுக்குத்தானே."

அவர் மறைக்கவில்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் தருவதுதான் அவர் கணக்கில் மருந்து. கால் வீக்கத்துக்காக மூன்று வாரமாய் விழுங்கும் அந்தச் சின்ன வில்லை, உடம்பில் தேங்கிய நீரை இறைத்து வெளியே ஊற்றுவதோடு சரி. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ரொம்ப அபூர்வம்தான். ஆனா சிலருக்கு அந்த மாத்திரையே தட்டணுவ அழிச்சிடும். தலைக்குள்ள மட்டும் கசிஞ்சிருந்தா..." மனைவியின் கை முந்தானையோடு அப்படியே நின்றது.

மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள் படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்கள். எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும்வரை ஊசி, கத்தரி எதையும் தொடக்கூடாது. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள். நாற்பது சீருடைச் சட்டை பாக்கி. மனைவி அவருடைய முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

மாத்திரை நின்றதால் கால் மறுபடி வீங்கியிருந்தது. துணி மூட்டையின்மேல் அதை நீட்டிக்கொண்டு, காலையிலிருந்து அவர் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் "சரிங்க முதலாளி" என்றாள். பதினொரு மணிக்கு டாக்டரம்மாவே போனில் கூப்பிட்டார்.

"நேத்து எடுத்த ரத்தத்துல எழுபத்தெட்டாயிரம். ஏறுது. இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கங்க."

போனை வைத்தார். "கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன். காலைத் தொங்கப் போடாதீங்க."

தைத்து முடித்த காலரைப் புரட்டி, முனைகளைக் குத்தி நிமிர்த்தி அவரிடம் நீட்டினாள். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு முனையும் ஒரே அளவு. மருந்துக்குக்கூட ஒரு பிசிறு இல்லை. "இந்தப் பக்கம் நூலளவு..." என்று ஆரம்பித்தவர், காலரை மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் அதற்குள் அடுத்ததற்குப் பெடலை மிதித்திருந்தாள். சக்கரம் சுற்றியது. துணி மூட்டையின்மேல் அவருடைய வீங்கிய காலின் கட்டைவிரல் அதோடு சேர்ந்து மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது.