வகுப்பே வாசித்த பாடம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. இரண்டாம் வகுப்பு டீச்சரான அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னதைச் சுட்டுவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காலை வெயில் ஜன்னல் வழியாக..."

வேண்டாம். எல்லாக் கதையிலும் வெயில் அந்த வழியாகத்தான் வருகிறது.

2

அக்காவின் முறை இது. சுவரில் பாடம் எழுதிய பெரிய சார்ட். அவள் பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்பாள். கைக்குச்சி மட்டும் பின்னால் வரி வரியாக நகரும். வகுப்பே ஒரே குரலில் வாசிக்கும். (ஒருமுறை வாசலில் நின்று கேட்டேன், புல்லரித்தது.)

ஒருத்தி மட்டும் வாயே திறக்க மாட்டாள். பட்டப்பெயர் அமுக்குணி. அவளைக் கீழ் வகுப்புக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய ஒருநாள் தலைமை ஆசிரியை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியை அறையிலேயே மறந்துவிட்டார்.

(பேசாத பிள்ளையை வைத்து எப்படிக் கதையை ஓட்டுவது? இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டுப் போய் டீ குடித்தேன்.)

3

பதற்றத்தில் அக்கா சார்ட்டை மாற்றி மாட்டிவிட்டாள். இன்னும் நடத்தாத பாடம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குச்சி நகர்ந்தது. வகுப்பு பழைய பாடத்தைப் பிழையில்லாமல், கணீரென்று சொன்னது. தலைமை ஆசிரியைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அமுக்குணி எழுந்து அக்காவின் பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், அவங்க சொல்றது அதுல இல்ல. வேற எழுதியிருக்கு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உனக்குப் படிக்கத் தெரியுமாடி? அப்புறம் ஏன் வாயத் திறக்க மாட்டேங்குற?"

"நான் பாதி படிக்கறதுக்குள்ள அவங்க முடிச்சிடறாங்க."

4

முடிவு ஒன்று: அக்கா சத்தமில்லாமல் சரியான சார்ட்டை மாட்டுகிறாள். கைதட்டல். அமுக்குணி கீழ் வகுப்புக்குப் போகிறாள்.

முடிவு இரண்டு: வகுப்பை நிறுத்தி, குச்சியை அமுக்குணியிடம் கொடுக்கிறாள். அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். மற்ற யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்பது வெட்டவெளிச்சமாகிறது. அக்காவின் மானம் கப்பலேறுகிறது.

இரண்டையும் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"நீ என்னக்கா பண்ணின?"

"கதை உன்னுதுடா, நீயே முடிச்சுக்கோ. ஒண்ணு மட்டும் மறக்காம எழுது. நான் உடனே எதுவும் பண்ணல. கொஞ்ச நேரம் யோசிச்சேன். அத நெனச்சாதான் இப்பவும் வெக்கமா இருக்கு."

எழுதிவிட்டேன். முடிவு எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நான் சொல்லப்போவதில்லை. வகுப்பு அது பாட்டுக்கு ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. தலைமை ஆசிரியை தலையாட்டுகிறார். அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள்.

குச்சி இப்போது உங்கள் கையில்.